குன்னூரில் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பு: வடிகுழாய் வரை பார்த்த மெக்கானிக்

எங்கள் வீட்டு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்கு வயது 14. கடந்த ஐப்பசி மழையின்போது காய்கறித் தட்டின் அடியில் தினமும் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. முதலில் வந்த மெக்கானிக் பிரீசரில் கட்டியிருந்த ஐஸை வெந்நீர் ஊற்றி உருக்கிவிட்டு, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். ஒன்பதாம் நாள் கேரட் மறுபடியும் தண்ணீரில் மிதந்தது.

பிறகு, மார்க்கெட் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்தோம். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தார் என்பதைத் தவிர அவர் வேலையில் பெரிய குறை எதுவும் இல்லை.

தானாகவே ஐஸ் உருகும் வகை ஃபிரிட்ஜில், பிரீசரின் பின்தகட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் படியும் உறைபனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்க, அந்தத் தண்ணீர் கீழேயுள்ள துளை வழியாகக் குழாயில் இறங்கி, கம்ப்ரசரின் மேலிருக்கும் தட்டில் விழுந்து, அதன் சூட்டில் ஆவியாகிவிட வேண்டும். துளை அடைபட்டால் தண்ணீர் அங்கேயே உறைந்து, அடுத்த முறை உருகும் தண்ணீர் போக வழியின்றி உள்ளே கசியும். "ஐஸை உருக்கினா மட்டும் போதாதுங்கம்மா, தண்ணி இறங்குற வழி முழுக்கப் பார்க்கணும்" என்றார் பெரியவர்.

எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜ் நிற்பது சுவரில் குடைந்த மாடம் போன்ற இடம் என்பதால், அதை வெளியே இழுக்கவே இருவர் தேவைப்பட்டது. பின்தகட்டைக் கழற்றி, துளையில் அடைத்திருந்த ஐஸைச் சிரிஞ்சில் வெந்நீர் பீய்ச்சி உருக்கினார். முந்தையவர் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இவர் கீழே படுத்து, குழாயின் முனையில் செருகியிருந்த ரப்பர் மூக்கையும் (தண்ணீரைக் கீழே விட்டு, காற்றை மேலே விடாத பிளவுள்ள மூடி) உருவி எடுத்தார். காப்பி மண்டி போலக் கறுத்த வழவழப்பு அதன் பிளவை முழுவதும் மூடியிருந்தது. மேலே ஐஸ் கட்டியதற்குக் கீழே இருந்த இந்த அடைப்புதான் காரணம். அதன்பின் தடித்த செம்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையை ஹீட்டரில் சுற்றி, மறுமுனையைத் துளைக்குள் இரண்டு அங்குலம் தொங்கவிட்டார். ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் அந்தக் கம்பியும் சூடேறித் துளையின் வாயை உறையவிடாமல் வைத்திருக்குமாம்.

ரப்பர் மூக்கை இனி மாட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. அது இல்லாவிட்டால் வெளிக்காற்று குழாய் வழியாக மேலே ஏறும். குன்னூரின் ஈரக்காற்றுக்கு உள்ளே வழிவிட்டால் உறைபனி இன்னும் கூடத்தான் செய்யும். சோப்புத் தண்ணீரில் கழுவித் திரும்ப மாட்டச் சொன்னேன்; வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள் என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்.

கடைசியில் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். எங்கள் பழைய சிவப்புச் சிமென்ட் தரை முன்பக்கம் தாழ்ந்திருந்ததால் ஃபிரிட்ஜும் முன்னால் சாய்ந்தே நின்றிருந்தது. முன்கால்களைச் சற்று உயர்த்திவிட்ட பிறகு கதவும் தானாகவே மூடிக்கொள்கிறது.

மூன்று மணி நேர வேலைக்கு 850 ரூபாய் கேட்டார். ரசீது கிடையாது, வாரண்டி கிடையாது, சமையலறைத் தரையை நாங்கள்தான் துடைத்தோம். குளிர் மாதங்களில் கம்ப்ரசர் குறைவாகவே ஓடுவதால் கீழ்த்தட்டுத் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். மார்கழியில் அது விளிம்புவரை நிறைந்ததைப் பார்த்து, நானே ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

நான்கு மாதம் ஆகிறது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தபோது கீழ்த்தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றது. காய்கறித் தட்டின் அடியோ காய்ந்திருந்தது.