தில்லி ஹாட் கம்பளி ஸ்வெட்டரும் லாஹௌல் காலுறையும்: நாலு குளிர்காலம் போட்டுப் பார்த்தபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குத்தும். கழுத்தைச் சுற்றிக் கண்டிப்பாகக் குத்தும். உள்ளே காலர் வைத்த முழுக்கைச் சட்டை இல்லாமல் போட்டால் அரை மணி நேரத்தில் கழுத்து சிவந்து, ஆபீஸில் பக்கத்து சீட்காரர் என்ன அலர்ஜியா என்று கேட்பார். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மீதியை எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து தில்லி வந்து 11 வருஷம் ஆகிறது, மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் இருக்கிறோம். முதல் ஏழு வருஷமும் குளிர்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் என்று மாலில் வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியாக வாங்கியது கருநீலம், 1,999 ரூபாய், தொங்கவிட்ட அட்டையில் 'மெரினோ டச்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மெரினோ என்பது மெல்லிய கம்பளி தரும் ஆட்டு ரகம். டிசம்பரில் போட ஆரம்பித்தேன், பொங்கலுக்குள் அக்குளிலும் பை வார் உரசும் தோளிலும் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரண்டுவிட்டது. "அப்பா ஸ்வெட்டர்ல சீடை முளைச்சிருக்கு" என்றாள் பெண். அப்புறம்தான் உள்தையலில் இருந்த குட்டித் துணியைப் படித்தேன்: அக்ரிலிக் 88 சதவீதம், கம்பளி 12. அந்த 'டச்' என்றால் தொட்டுக்கொள்வது என்று அப்போதுதான் புரிந்தது, ஊறுகாய் மாதிரி.

அக்ரிலிக் என்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் இழை. ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உதிர்ந்து சாக்கடை வழியாகப் போகின்றன, எங்கள் பக்கத்துச் சாக்கடை எங்கே போகும், யமுனைக்குத்தான். ஆனால் யமுனைமேல் இருந்த அக்கறையால் மாறினேன் என்று சொன்னால் பொய். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவினால் சடசடவென்று பொறி பறக்கும், அந்த எரிச்சல்தான் பாதிக் காரணம். மீதி, கீழ் வீட்டு ஆன்ட்டி.

பஞ்சாபிக்காரர், எழுபதைத் தாண்டியவர். வெயில் வந்ததும் பூங்காவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பின்ன உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஸ்வெட்டர் ஓரத்தை இரண்டு விரலால் உரசிப் பார்த்துவிட்டு, "பேட்டா, யே ஊன் நஹீ ஹை, கேஷ்மிலான் ஹை" என்றார், இது கம்பளி இல்லப்பா, கேஷ்மிலான் என்று. இந்த ஊர்க் கடைத்தெருவில் அக்ரிலிக் நூலுக்குக் கேஷ்மிலான் என்றுதான் பெயர். நம் பக்கம் எல்லாவற்றையும் உல்லன் நூல் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், அதனாலேயே ஏமாறுகிறோம். நல்ல கம்பளி வேண்டுமென்றால் தில்லி ஹாட்டுக்குப் போ, மலைக்காரர்கள் வந்திருப்பார்கள் என்றார்.

மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவின் பிங்க் லைனில் ஏறினால் மாறாமல் போய் தில்லி ஹாட் ஐஎன்ஏ-வில் இறங்கலாம். 1994-லிருந்து இருக்கும் சந்தை. கைவினைக்காரர்களுக்குக் கடைகளைச் சுழற்சி முறையில் சுமார் 15 நாளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அதுதான் இதன் அழகு, தொல்லையும் அதுதான், பின்னால் சொல்கிறேன். சனி ஞாயிறு சாயங்காலம் போனால் மோமோ தின்ன வந்த கூட்டத்துக்கு நடுவில் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. நான் போனது ஒரு புதன் மதியம்.

இமாச்சலத்திலிருந்து வந்த கணவன் மனைவி கடை. அவர் குல்லு, அந்த அம்மாள் லாஹௌல். நான் ஸ்வெட்டர்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த அம்மாள் காலுறை பின்னிக்கொண்டிருந்தார், கையைப் பார்க்கவே இல்லை, எதிர்க் கடைக்காரியோடு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது, குதிகால் திரும்பும் இடம் வந்தபோது மட்டும் பேச்சை நிறுத்தி வாய்க்குள் எண்ணினார், எண்ணி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு.

இது அசல்தானா என்று கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. ஸ்வெட்டரின் உள்பக்கம் தொங்கிய நூல் நுனியை ஒரு விரற்கடை வெட்டி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது கைமுடி பொசுங்குமே, அதே நாற்றம். மிஞ்சிய கரியை விரலால் நசுக்கினால் பொடி. பக்கத்தில் யாரோ விட்டுப்போன மலிவு ஸ்கார்ஃப் நூல் ஒன்றையும் கொளுத்தினார், அது உருகிச் சொட்டி, ஆறியதும் மணி மாதிரி கெட்டியாக நின்றது. கம்பளியும் நம் தலைமுடியும் ஒரே வகைப் புரதம், கெரட்டின், அதனால்தான் அந்த நாற்றம். ஆலை ஸ்வெட்டரில் வுல்மார்க் முத்திரை இருந்தால் அசல் என்று நம்பலாம், 1964-லிருந்து இருக்கும் முத்திரை அது. கையால் பின்னியதில் அதெல்லாம் இருக்காது, தீக்குச்சிதான் முத்திரை. கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நீங்களாகக் கொளுத்த ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டு ரகம் வைத்திருந்தார். ஒன்று மெத்தென்று, நல்ல நல்ல நிறத்தில். அது மெரினோ, நூல் லூதியானாவிலிருந்து வாங்குவது, கம்பளி ஆஸ்திரேலியாவுடையது என்று அவரே சொன்னார். இதை எத்தனை பேர் சொல்வார்கள்? நம் நாட்டுக் கம்பளியில் பெரும்பகுதி கம்பளம் நெய்யத் தோதான முரட்டு ரகம், உடம்பில் போடும் மெல்லிய கம்பளியைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். ஆஸ்திரேலிய மெரினோவில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. ஈ முட்டையிட்டுப் புழு வைக்காமலிருக்க ஆட்டின் பின்பக்கத்துத் தோலைக் கீறி எடுக்கும் வழக்கம் அங்கே பல பண்ணைகளில் உண்டு. இயற்கை, பசுமை என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

இன்னொரு ரகம் சாம்பல் நிறம், சாயம் போடாதது, அவர்கள் பக்கத்து ஆட்டுக் கம்பளி, கையால் நூற்றது. அதுதான் குத்துவது. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழை தோலில் வளையாமல் முட்டும், அதுதான் அந்த ஊறல். பஷ்மினா 12 முதல் 16 மைக்ரான், அதனால் கன்னத்தில் வைத்தால் வெண்ணெய், பில்லைப் பார்த்தால் கண்ணீர். நான் சாம்பலை எடுத்தேன், 2,800 ரூபாய். பேரம் பேசினேன், அவர் சிரித்தார், விலை குறையவில்லை, அதற்குப் பதில் அதே நூலில் எலுமிச்சம்பழம் அளவு உருண்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இதெதற்கு என்று மனசுக்குள் திட்டினேன். அப்புறம் அதுதான் காப்பாற்றியது.

அளவு என்று எஸ், எம், எல் எதுவும் கிடையாது. ஸ்வெட்டரை என் முதுகில் வைத்துத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இது உங்களுடையது என்றார். ஸ்வெட்டரின் இடது கை வலதைவிட ஒரு விரல் நீளம். வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன், மடித்துவிட்டுக்கொள்கிறேன், நாலு வருஷமாக யாரும் கேட்டதில்லை.

சரி, குளிருக்கு எப்படி? பிரமாதம். தில்லிக் குளிர் என்பது வெளியில் இல்லை, வீட்டுக்குள்தான். 4, 5 டிகிரியில் சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் ராத்திரி முழுக்கக் குளிரைச் சேர்த்துவைத்துக் காலையில் நம்மேல் திருப்பிவிடும். அதற்கு இது ஒன்று போதும், மேலே ஜாக்கெட் தேவைப்படும் நாட்கள் குளிர்காலத்துக்குப் பத்துப் பதினைந்துதான். ஆனால் எனக்கு வித்தியாசம் தெரிந்தது மெட்ரோவில். நடுங்கிக்கொண்டே பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு, நெரிசலான பெட்டிக்குள் நுழைந்ததும் நீல ஸ்வெட்டரில் முதுகு கசகசவென்று நனையும், இறங்கினால் அந்த ஈரமே ஜில்லிடும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, நனைந்ததாகவே காட்டிக்கொள்ளாது. ஒரு குறை, மூடுபனியில் அரை மணி நேரம் நடந்துவந்தால் ஆட்டு வாசனை. "ஆட்டுக்கொட்டில்ல நின்னுட்டு வந்தாப்ல இருக்குடா" என்றாள் அம்மா. காய்ந்தால் போய்விடும்.

அம்மாவுக்காக அந்த அம்மாளிடம் காலுறையும் வாங்கினேன், ஜோடி 450 ரூபாய். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கணுக்கால் பக்கம் கோலம் போட்டாற்போல் பின்னல். லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு உண்டு. காலம் காலமாக வந்தது என்று நினைத்தேன், அப்படியில்லை, 19-ஆம் நூற்றாண்டில் லாஹௌலின் கேலாங்கில் வந்து தங்கிய மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபைப் பாதிரிமார்கள் வழியாகப் போன கலையாம், அங்கிருந்த பெண்கள் அதைத் தங்கள் நிறத்துக்கும் கோலத்துக்கும் மாற்றிக்கொண்டார்கள். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை பனிக்காலத்தில் மாசக்கணக்கில் வெளியுலகம் துண்டித்துப்போகும் பள்ளத்தாக்கு அது, பின்ன நேரம் நிறையவே இருந்திருக்கும்.

மார்கழியில் அம்மா இங்கே வந்தால் விடிகாலை பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டாள். செருப்பை விட்டுவிட்டு அந்தப் பளிங்குத் தரையில் காலை வைத்தால் உச்சந்தலைவரை ஏறும். இந்தக் காலுறை போட்டதிலிருந்து பிரதட்சிணம் மூன்றிலிருந்து ஒன்பதாகிவிட்டது. குறைகள் உண்டு. அடிப்பக்கம் பிடிப்பே கிடையாது, பளிங்கில் வழுக்கும், வயசானவர்களைத் தனியாக விடாதீர்கள். ஹவாய் செருப்பு நுழையாது, பெருவிரலுக்கு இடம் பிரிக்காத காலுறையை வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாடு தனிக் கதை. முக்கியமாக மெட்டி. மெட்டியின் முனை ஒரு கண்ணியில் மாட்டி, கழற்றும்போது சர்ரென்று ஒரு முழ நூல் வெளியே வந்துவிட்டது. மெட்டியைக் கழற்று என்றால் கழற்றுவாளா? கீழ் வீட்டு ஆன்ட்டி குரோஷா ஊசியால் கண்ணி கண்ணியாக ஏற்றிச் சரிசெய்தார், இப்போது உள்ளே மெல்லிய காட்டன் சாக்ஸ் போட்டு மேலே இதைப் போடுகிறாள்.

துவைப்பதுதான் பலருக்குப் பயம். மெஷினில் போடவே போடாதீர்கள், வீட்டுக்காரியின் நல்ல கார்டிகனை நான்தான் வெந்நீர் ஓட்டத்தில் போட்டு, பொம்மைக்குக்கூடச் சேராத அளவில் வெளியே எடுத்தேன். இழையின்மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது, சூடும் குலுக்கலும் சேர்ந்தால் செதிலும் செதிலும் கோத்துக்கொண்டு சுருங்கிவிடும், திரும்ப வராது. நான் செய்வது: பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர், இந்த ஊரில் ரீட்டா என்று கேட்டால் மளிகைக் கடையிலேயே தருவார்கள், அதில் பத்து நிமிஷம், முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கட்டிலில் பரப்பிக் காயவைப்பது. கொடியில் போட்டால் முழங்கால்வரை நீளும். அதுவும் பருவத்துக்கு இரண்டு தடவைதான், மற்ற நாளில் காற்றாட விரித்தால் போதும். மூன்றாம் மாடி மாமி இதைக் கேட்டுவிட்டு, "கம்பளி மடிதானே, அதை எதுக்குத் தினம் நனைக்கணும்" என்றார். நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்தது அவர் வீட்டில் ஆசாரமாகவே இருந்திருக்கிறது.

முதல் வருஷம் செய்த முட்டாள்தனம், மார்ச்சில் துவைக்காமல் அப்படியே பாக்ஸ் கட்டிலுக்குள் போட்டது. நவம்பரில் எடுத்தால் மார்பில் மூன்று ஓட்டை, சரியாகச் சாம்பார் சிந்திய இடத்தில். கம்பளி தின்னும் அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கெரட்டின்தான் சாப்பாடு, வியர்வையும் எண்ணெயும் பட்ட இடம் என்றால் விருந்து. துணி ஓட்டையை நூலால் இழைத்து அடைக்கும் ரஃபுக்காரரிடம் கொண்டுபோனேன், நெய்த துணி என்றால் செய்வேன், பின்னல் என் வேலை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் அந்த எலுமிச்சம்பழ உருண்டை ஞாபகம் வந்தது. ஆன்ட்டி அரைநாளில் மூன்றையும் அடைத்தார், எங்கே என்று எனக்கே இப்போது தேடவேண்டும். இப்போது துவைத்து, காயவைத்து, காட்டன் உறையில் போட்டு, வேப்பிலையும் வைக்கிறேன். அந்துருண்டை வைப்பவர்கள் கைக்குழந்தை உள்ள வீட்டில் யோசித்து வையுங்கள், சில குழந்தைகளுக்கு அது ஆபத்து.

ஆன்ட்டி சொன்ன இன்னொன்றும் பிடித்தது. அவர் கணவருக்குப் பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்து மகனுக்கு, அதைப் பிரித்துப் பேரனுக்குக் குல்லா. பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும், சிட்டமாகச் சுற்றிக் கெட்டில் மூக்கில் ஆவி காட்டினால் நிமிர்ந்துவிடும். ஆலையில் துணியாகப் பின்னி வெட்டித் தைத்த ஸ்வெட்டரை இப்படிப் பிரிக்க முடியாது, துண்டு துண்டாகத்தான் வரும். என் நீல ஸ்வெட்டரையும் எறியவில்லை, எறிந்தால் மட்கவா போகிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போட்டுக்கொள்கிறேன்.

வாங்கலாமா என்றால், ஒன்று வாங்கலாம். இருக்கிற ஸ்வெட்டர் நன்றாக இருந்தால் இந்த வருஷம் வேண்டாம். தோல் மென்மையானவர்களும் குழந்தைகளும் மெரினோ ரகத்துக்குப் போங்கள். கடைக்காரரின் போன் நம்பரை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மாசம் போனால் அதே இடத்தில் வேறு மாநிலத்து மண்பானை இருக்கும். நான் வாங்கிவைத்ததால் இப்போது பார்சலில் வருகிறது.

போன வாரம் அம்மா பேசினாள். அத்தைக்கு மார்கழியில் கூடத்துத் தரை ஜில்லிடுகிறதாம், ஒரு ஜோடி காலுறை சொல்லிவை என்றாள், வெள்ளை மட்டும் வேண்டாமாம், அழுக்கு தெரியுமாம்.