கடைக்கு வந்த கிளவுட் போன்

எங்களுடையது கோவையில் பம்ப் உதிரிபாகக் கடை. கடைக்குள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுத்த பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே வேலையை இணையம் வழியாகச் செய்யும் கிளவுட் போன் சேவைக்கு மாறியிருக்கிறோம். கடைக்கு ஒரே எண். அழைப்பு வந்தால் முதலில் கவுண்டரில் இருப்பவரின் மொபைலில் அடிக்கும். அவர் எடுக்காவிட்டால் குடோனுக்குப் போகும். யாருமே எடுக்கவில்லை என்றால் அந்த மிஸ்டு கால் எல்லார் திரையிலும் நிற்கும். மோட்டார் நின்றுபோய் தோட்டத்திலிருந்து கூப்பிடும் விவசாயிக்குப் பதில் போய்விடுகிறது. இதற்காகவே காசு கொடுக்கலாம்.

புதிதாகச் சேர்த்திருக்கும், பேச்சை எழுத்தாக்கும் ஏ.ஐ. வசதிதான் இன்னும் தேறவில்லை. ஆங்கிலம் என்றால் நன்றாக எழுதுகிறது. "ஏனுங்க, அஞ்சு ஹெச்பி மோனோபிளாக்குக்கு இம்பெல்லர் இருக்குதுங்களா?" என்றால் தடுமாறி, அளவையே மாற்றிவிடுகிறது. அளவு மாறினால் தப்பான பொருள் வண்டி ஏறிவிடும். அதனால் ஆர்டரை மட்டும் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

அப்புறம், இணையத்தில் பேச உதவிய ஸ்கைப்பையே 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். எந்தச் சேவையும் நிரந்தரமில்லை. எண் யார் பெயரில் இருக்கிறது, வேறு நிறுவனத்துக்கு மாறினால் கூடவே வருமா, பழைய பதிவுகளை இறக்கிக்கொள்ள முடியுமா என்பதையெல்லாம் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு இந்தப் பதில் வர ரொம்ப இழுத்தடித்தார்கள்.