அகதியின் புதுவாழ்வுக்கான செலவு யார் கணக்கில்?

கொழும்பில் 'மீள்குடியேற்றம்' என்று சொன்னால், முகாமிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பிய வன்னி மக்களே பெரும்பாலும் நினைவுக்கு வருவார்கள். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வேறொன்று: ஒரு நாட்டில் அடைக்கலம் தேடித் தங்கியிருப்பவரை மூன்றாவது நாடொன்று ஏற்று, நிலையாகக் குடியமர்த்துவது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை இணையவில்லை. ஆகவே பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்தோருக்கு இது இடைத்தங்கல் மட்டுமே. அவர்களுடைய விமானச் சீட்டு, புதிய ஊரில் முதலாண்டு வாடகை, மொழி வகுப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கான பணத்தை யார் தருவது என்பதற்கு உலகம் நான்கு வழிகளைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது.

முதலாவது, ஏற்கும் நாட்டின் அரசே வரிப்பணத்திலிருந்து கொடுப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் 2020 வரையிலான தன் நிதித்திட்டத்தில், மீள்குடியமர்த்தப்படும் ஒருவருக்கு 6,000 யூரோ, முன்னுரிமைப் பிரிவினராயின் 10,000 யூரோ என்ற அடிப்படையில் உறுப்பு நாடுகளுக்கு உதவியது. அரசு கொடுக்கும்போது அகதி எவருக்கும் தனிப்பட்ட நன்றிக்கடன் படுவதில்லை. ஆனால் அரசு மாறினால் கதவும் மூடிக்கொள்ளும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அகதிகள் அனுமதித் திட்டத்தை இடைநிறுத்தியபோது, பயணத் திகதி குறிக்கப்பட்டிருந்தவர்களும் பெட்டியைக் கட்டியபடி நின்றுவிட நேர்ந்தது.

இரண்டாவது, கனடா வளர்த்தெடுத்த தனியார் அனுசரணை. 1979, 1980 ஆண்டுகளில் அந்நாடு ஏற்ற ஏறத்தாழ 60,000 இந்தோசீன (வியட்நாம், கம்போடியா, லாவோஸ்) அகதிகளுள் பாதிக்கு மேற்பட்டோரைத் தேவாலயங்களும் அயலவர் குழுக்களுமே தம் பணத்தில் அழைத்துக்கொண்டன. பொதுவாக ஓராண்டுக்கு வாடகையும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பனிக்காலத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து எங்கே வாங்குவது என்று சொல்லித்தர ஆள் இருப்பது அரசுப் படிவம் எதனாலும் தரமுடியாத நன்மை. ஆயினும் அனுசரணையாளர் பெயர் குறித்து அழைக்கலாம் என்பதால், ரொறன்ரோவில் ஒன்றுவிட்ட அண்ணன் இருப்பவருக்கு வழி திறக்கிறது. மியன்மாரிலிருந்து துரத்தப்பட்ட, எவரையும் அறியாத ரோஹிங்கியருக்கு அது திறப்பது அரிது. பணம் கொடுப்பவரே யார் வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறார் என்பது இங்கே துலக்கமாகத் தெரிகிறது. அதனால்தான் அரசின் ஒதுக்கீட்டைக் குறைப்பதற்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்ளாமல், அதற்கு மேலதிகமாக மட்டுமே அனுசரணை இயங்கவேண்டும் என்று கருதுகிறேன்.

மூன்றாவது வழியே எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாதது: அகதியிடமே அறவிடுவது. அமெரிக்கா செல்வோர் விமானச் செலவை வட்டியில்லாக் கடனாகப் பெற்று, போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே திருப்பிச் செலுத்தத் தொடங்கவேண்டும்; கனடாவும் இத்தகைய கடனுக்கு 2018 வரை வட்டி வாங்கியது. பொறுப்புணர்வு வளரும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதன் மறுபக்கத்தை நாம் உள்நாட்டிலேயே கண்டிருக்கிறோம். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்தது. பெரிய உதவிதான், மறுக்கமுடியாது. ஆனால் மணலும் சீமெந்தும் கூலியும் விலையேற, எஞ்சிய வேலையை முடிக்க நகையை அடகு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் பலர். கைகொடுக்கும் தொகை செலவுக்கு எட்டாதபோது, மிச்சம் எப்போதும் கையில் ஒன்றுமில்லாதவர் தலையிலேயே விழுகிறது.

நான்காவது, துரத்திய அரசிடமே வசூலிப்பது. நீதி என்று பார்த்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. அதில் இலங்கையருக்கும் பங்கிருந்தது. 1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது தப்பியோடிய வெளிநாட்டுத் தொழிலாளருக்கு, ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழு ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து தனியாளுக்கு 2,500 முதல் 4,000 டொலர் வரை வழங்கியது. அங்கிருந்து திரும்பிய நம் பணிப்பெண்களும் அதைப் பெற்றார்கள். எல்லா வகைக் கோரிக்கைகளுக்குமாக ஏறத்தாழ 52.4 பில்லியன் டொலர் கொடுத்துமுடிய 2022 வரை சென்றது. போரில் தோற்றுப்போன நாடு, கண்காணிக்கத்தக்க எண்ணெய், பாதுகாப்புச் சபையின் பெரும்பான்மைச் சம்மதம் ஆகிய மூன்றும் கூடிவந்ததால்தான் அது இயன்றது. மியன்மார் இராணுவத்திடம் இன்று அப்படி வாங்கித்தர ஆளில்லை. எனவே கணக்கை எழுதிவைக்கலாம். அந்தப் பணம் வரும்வரை எவரையும் காக்கவைக்கமுடியாது.

அடித்தளச் செலவை ஏற்கும் அரசும், அதற்கு மேல் வருவதை அனுசரணையாளரும் ஏற்பதே என் தெரிவு. பயணக் கடன் தள்ளுபடியாக வேண்டும். ஆனால் இந்த நான்கிலும் எழுதப்படாத செலவொன்று உண்டு: காத்திருப்பின் செலவு. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரைக்குப் படகில் வந்த நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியரும், பல்லாண்டுகளாக அழைப்புக்குக் காத்திருக்கும் ஏனையோரும் இந்நாட்டில் சட்டப்படி வேலை செய்யமுடியாது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்தின் பணமோ பெரும்பாலும் பிற அரசுகள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடை. எஞ்சியதை அயலவரின் இரக்கமும் வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசும் ஈடுசெய்கின்றன. திறைசேரியில் பணமில்லை என்ற பதில் இதற்குப் பொருந்தாது. வேலை செய்யும் அனுமதியைக் கொடுக்கத் திறைசேரியிலிருந்து பெரிதாக எதையும் எடுக்கவேண்டியதில்லை.