மூன்றாவது குழாயும் பெரிய எஞ்சினும்: புதிய பாண்டூன் படகோடு சில கோடைகள்

பாண்டூன் என்பது மூடிய அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைந்த படகு. அதை மாற்ற நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது நீளத்தைப் பற்றித்தான். இருபது அடியிலிருந்து இருபத்தைந்துக்குப் போகலாமா என்பார்கள். நீளத்தைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் எப்போதும் சொல்கிறேன். அடியில் எத்தனை குழாய், பின்னால் எவ்வளவு எஞ்சின் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகு கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு எத்தனை அடி கிடைக்கிறதோ, அதுதான் உங்கள் நீளம்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், லேனியர் ஏரியை ஒட்டிய கம்மிங் ஊரில். முன்பு இருந்தது 20 அடி நீளம், இரண்டு குழாய், 90 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட படகு. இப்போது இருப்பது 23 அடி, மூன்று குழாய், மெர்க்குரி நிறுவனத்தின் 200 குதிரைத்திறன் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின். சில கோடைகளை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டதால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதலாம் என்று தோன்றியது. படகைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பெனிங்டன், ஹாரிஸ், பார்லெட்டா என்று எதை வாங்கினாலும் கீழே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும்.

வேகமும் வசதியும் வேண்டுமென்றால் சாதாரண மோட்டார் படகு போதுமே, பாண்டூன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வரும் அம்மா, துறையிலிருந்து பக்கக் கதவு வழியாகத் தட்டையான தளத்தில் ஒரே எட்டில் கால் வைத்து ஏறிவிடுகிறார். குனிந்து, தாண்டி, யார் தோளையாவது பிடித்து இறங்கும் வேலையே இல்லை. மினசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி 1952-இல் இரும்புப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் அமைத்த நாளிலிருந்து இந்த வகைப் படகின் உயிர் அந்தத் தட்டைத் தளத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்காமல் அலையைத் தாங்கும் படகு எங்களுக்குத் தேவைப்பட்டது.

அலை என்று சொல்வது மிகையல்ல. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1956-இல் கட்டி முடித்த பியூஃபோர்ட் அணையால் உருவான ஏரி இது; பரப்பு சுமார் 38,000 ஏக்கர். அட்லாண்டா பக்கத்திலேயே இருப்பதால் கோடைச் சனிக்கிழமைகளில் நகரமே இங்கே இறங்கிவிடும். வீட்டுப் படகுகளும், அலைச்சறுக்குக்கென்றே பெரிய அலை எழுப்பும் படகுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ஒன்றின் அலை அடங்கும் முன் அடுத்தது வந்துவிடும். கரையில் மோதித் திரும்புவது வேறு. காலை எட்டு மணிக்குக் கண்ணாடி போலிருந்த நீர் பிற்பகல் இரண்டுக்குள் கொந்தளித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு குழாய்ப் படகின் பலவீனம் அப்போது தெரியும். பெரிய படகு ஒன்று கடந்துபோன பின் அதன் அலை நம்மை நோக்கி வருகிறது. பிள்ளைகள் எல்லோரும் முன் சோபாவில் இருக்கிறார்கள். பயந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால் முன்பக்கம் தாழ்கிறது. தாழ்ந்த அந்த நேரத்தில் அலை வந்து சேர்கிறது; முன் கதவின் அடியில் புகுந்த நீர் கணுக்கால் அளவுக்குத் தளம் முழுவதும் ஓடிப் பின்னால் வடிகிறது. பைகள், செருப்புகள், பாய் எல்லாம் நனைந்துவிடும். குழாய்கள் மூடப்பட்டவை என்பதால் படகு மூழ்காது. ஆனால் முன்னால் நிற்கும் குழந்தையைத் தள்ளிவிட அந்த நீருக்குப் பலம் உண்டு. அலை வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்னால் இருப்பவர்களை நடுவுக்கு வரச்சொல்லி, எஞ்சினைச் சற்று மேலே சாய்த்து, முன்பக்கம் தாழாத அளவுக்கு மட்டும் த்ராட்டில் கொடுத்து, அலையைச் சாய்வாகச் சந்திக்க வேண்டும். எந்தப் பாண்டூனுக்கும் இதுதான் முறை. பழைய படகில் சனிக்கிழமை முழுக்க இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது குழாய் இங்கே கைகொடுக்கிறது. மிதப்பு கூடுவதால் அதே ஆட்கள் அதே இடத்தில் உட்கார்ந்தாலும் முன்பக்கம் உயர்ந்தே நிற்கிறது. குழாய்களின் பக்கவாட்டில் பற்றவைத்திருக்கும் தூக்குப் பட்டைகள், வேகம் கூடக்கூடப் படகை நீர்மேல் ஏற்றிவிடுகின்றன. தளத்தின் அடியில் அலுமினியத் தகடு வேய்ந்திருப்பதால், குறுக்குச் சட்டங்களில் நீர் மோதி இழுக்கும் தடையும் அந்த ஓயாத சளசளப்பும் இல்லை. திரும்பும்போது பழைய படகு வெளிப்பக்கம் சாயும். உட்கார்ந்திருப்பவர்கள் தம்மை அறியாமல் கம்பியைப் பிடிப்பார்கள். எங்கள் புதிய படகில் நடுக்குழாய் மற்ற இரண்டையும்விடச் சற்றுத் தாழ்வாக இருப்பதால் அது உள்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. வாங்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று குழாய் இருந்து, தூக்குப் பட்டையும் அடித்தகடும் இல்லாவிட்டால் கொடுத்த பணத்தில் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

இனி எஞ்சின். அதே விலைக்கு 25 அடிப் படகும் 150 எஞ்சினும் கிடைத்தன. விற்பனையாளர் அதைத்தான் வற்புறுத்தினார், பெரிய படகு பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார். நான் இரண்டு அடியை விட்டு 50 குதிரைத்திறனை எடுத்தேன். மெர்க்குரியின் நான்கு சிலிண்டர் 150-க்கும் 3.4 லிட்டர் வி6 200-க்கும் எடை வித்தியாசம் ஏறக்குறைய 20 பவுண்டுதான். பின்பாரம் கூடாமல் பலம் மட்டும் கூடுகிறது. இருவர் மட்டும் போகும்போது 150-க்கும் 200-க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பத்துப் பேர், நிறைந்த டேங்க், ஐஸ் பெட்டி, பின்னால் கயிற்றில் மிதவையில் ஒருவர் என்று ஆனதும் நிலைமையே வேறு. பழைய படகு அந்தப் பாரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரை உழுதுகொண்டே போகும்; வேகம் மணிக்குப் பதினைந்து மைலைத் தாண்டாது. புதியது அதே பாரத்தோடு சில விநாடிகளில் நீர்மேல் எழுந்து, முப்பதுக்கு மேல் சுலபமாகப் போகிறது. கருமேகம் திரண்டு இடி கேட்கும் மாலையில் துறைக்குத் திரும்ப அந்த வேகம் இருப்பது பெரிய நிம்மதி. ஜார்ஜியாவில் கோடை மாலை இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பல்லரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினுக்கு முழு த்ராட்டிலில் சுழற்சி நிமிடத்துக்கு 5,000 முதல் 5,800 வரை இருக்க வேண்டும். படகோடு வந்த புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேறும் தூரம், 17 அங்குலம். ஆட்கள் குறைவென்றால் சரியாக இருந்தது. பாரம் ஏறினால் 4,800-ஐத் தாண்டவில்லை. அப்படி மூச்சுத்திணற ஓடுவது எஞ்சினுக்கு நல்லதல்ல. ஓர் அங்குலம் பிட்ச் குறைந்தால் 150 முதல் 200 சுழற்சி கூடும் என்பது பொதுக் கணக்கு. 15 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு புரொப்பல்லருக்கு மாறியதும் முழுப் பாரத்தில் 5,200-க்கு வந்துவிட்டது. உச்ச வேகத்தில் ஓரிரு மைல் போனது. எங்களுக்கு அது பொருட்டில்லை.

செலவுப் பக்கமும் கனமானதுதான். படகு, எஞ்சின், நிறைந்த டேங்க், இரட்டை அச்சு ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 5,000 பவுண்டை ஒட்டி வருகிறது. எங்கள் நடுத்தர எஸ்யூவியின் இழுவை வரம்பும் அதே 5,000. வரம்பின் விளிம்பில் இழுத்துக்கொண்டு படகுத்துறைச் சரிவில் ஏற எனக்கு விருப்பமில்லை. பெரிய டிரக் வாங்குவதா, மரீனாவில் (படகு நிறுத்துமிடத்தில்) வாடகைக்கு இடம் பிடிப்பதா என்று வந்தபோது வாடகையைத் தேர்ந்தோம். அதுவும் அடிக்கணக்கில்தான் ஏறும். முழு த்ராட்டிலில் மணிக்கு இருபது கேலன் வரை பெட்ரோல் போகும். இருபத்தைந்து மைல் வேகத்தில் நிதானமாகப் போனால் அதில் பாதிகூட ஆகாது. நாங்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகிறோம்.

காற்றில் துறைக்குக் கொண்டுவருவதுதான் பழக அதிக நாள் பிடித்தது. உயரமான பக்கச் சுவர்கள், மேலே கூரைத்துணி, அடியில் ஆழம் குறைவு என்பதால் காற்று படகைப் பாய்மரம் போல் தள்ளிக்கொண்டு போகும். துறைக்கு நூறடிக்கு முன்பே கூரைத்துணியை மடக்கிவிடுவேன். காற்றை எதிர்கொண்டு மெல்ல நெருங்குவேன். ஸ்டீயரிங்கை முதலில் திருப்பி, பிறகு ஒரு விநாடி மட்டும் கியர் போட்டு நியூட்ரலுக்கு வந்துவிடுவேன். எஞ்சின் பலமானது என்பதால் அந்த ஒரு விநாடித் தள்ளலே போதும்.

நீண்டகாலக் குறைகளில் முதலாவது இருக்கைகள். ஜார்ஜியா வெயிலில் இரண்டாவது கோடையிலேயே தையல் ஓரங்கள் விரியத் தொடங்கின. உறை போடாமல் ஒரு வாரம்கூட விடாதீர்கள். அதிர்வில் பக்கச் சுவரின் போல்ட்டுகள் தளர்கின்றன. பருவத்தின் தொடக்கத்தில் சாவி போட்டு இறுக்குகிறேன். வாங்கிய இடத்தில் முதல் சர்வீசுக்கு விட்டபோது கோடையின் நடுவில் வாரக்கணக்கில் படகை முடக்கிவிட்டார்கள். இப்போது குளிர்காலத்திலேயே வேறோர் இடத்தில் முடித்துவிடுகிறேன். நீரிலேயே நிற்கும் படகின் குழாய்களில் பாசி படியும். அதற்காகச் செம்பு கலந்த பெயின்ட்டை அலுமினியத்தில் பூசிவிடாதீர்கள், உலோகத்தை அரித்துவிடும். மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் உலோகத் துண்டான ஆனோடு, நன்னீருக்கேற்ற மெக்னீசியமா அல்லது அலுமினியமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் கூடியதால் வீட்டில் சில விதிகளைக் கண்டிப்பாக்கினேன். படகு ஓடும்போது 13 வயதுக்குட்பட்டவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம். எங்கள் படகில் அது நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கும் உண்டு. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மாட்டுவது 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 26 அடிக்குட்பட்ட படகுகளுக்குக் கட்டாயம். ஓடும்போது முன் கதவுக்கு வெளியே யாரும் உட்காரக் கூடாது. இதில் விருந்தினருக்கும் சலுகை கிடையாது.

அமைதியான சிறு ஏரியில் நான்கு பேர் மாலையில் மெல்லச் சுற்றிவருபவர்களுக்கு இரண்டு குழாயும் 90 எஞ்சினும் தாராளம், மாற்ற வேண்டாம். பெரிய, நெரிசலான ஏரியில் எட்டுப் பேருக்கு மேல் அடிக்கடி ஏற்றுபவர்கள் மூன்று குழாய் எடுங்கள். படகில் பொருத்தியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் அனுமதித்த உச்சக் குதிரைத்திறனுக்கு அருகில் எஞ்சினைப் போடுங்கள். ஸ்பீக்கர், வண்ண விளக்கு எல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன், வாரநாள் காலையில் விற்பனையாளர் தனியாக ஓட்டிக் காட்டுவதோடு திருப்தி அடையாதீர்கள். சனிக்கிழமை பிற்பகலில் உங்கள் குடும்பம் முழுவதையும் ஏற்றி ஓட்டிப்பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.