டாங்கிளை விட அதோடு வந்த கேபிள்தான் வேலை செய்தது

நான்கு மாதமாக ஒரு யூஎஸ்பி ஜிக்பீ டாங்கிள் வைத்திருக்கிறேன். சென்சார், விளக்கு போன்ற வீட்டுச் சாதனங்கள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் முறைதான் ஜிக்பீ, அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னக் கருவி இந்த டாங்கிள். உள்ளே சிசி2652பி என்ற ரேடியோ சிப், வெளியே திருகி மாட்டுகிற ஆன்டெனா, பெட்டிக்குள்ளேயே ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். வாங்கும்போது ஆன்டெனாவைத்தான் பார்த்து வாங்கினேன். இப்போது யாராவது கேட்டால் கேபிளைத்தான் முதலில் சொல்வேன்.

இரவில் அம்மா எழுந்து நடைவழியில் வரும்போது விளக்கு தானாக எரிய வேண்டும், என் வீட்டில் இத்தனை சென்சார்களும் வந்தது அதற்காகத்தான். முன்பு சாதனங்களை இணைத்திருந்த பழைய ஹப்பில் அந்த விளக்கு சில நாள் உடனே எரியும், சில நாள் அம்மா நடைவழியைக் கடந்த பிறகு எரியும், சில நாள் எரியவே எரியாது. இருட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகு அதை விட்டுவைக்க மனசு வரவில்லை.

புது டாங்கிளை மாட்டிய முதல் இரண்டு வாரம் ஒரு முன்னேற்றமும் இல்லை, சொல்லப்போனால் வாசல் கதவு சென்சார் முன்பைவிட அடிக்கடி தொடர்பிலிருந்து காணாமல் போனது. நான் செய்த தப்பு, கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு டாங்கிளை நேராகச் சின்ன கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 3.0 துளையில் சொருகியது. பக்கத்துத் துளையில் தரவு சேமிக்கும் வெளி எஸ்எஸ்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் கசிகிறது, இதை இன்டெல் 2012-லேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஜிக்பீ பேசுவதும் அதே 2.4-இல்தான். கேபிளைப் போட்டு டாங்கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து விலக்கிச் சுவரில் மாட்டினேன். அன்று மாலையே கதவு சென்சார் திரும்ப வந்தது, அதற்கப்புறம் போகவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தச் சிப் 20 டிபிஎம் வரை, அதாவது 100 மில்லிவாட் வரை அனுப்பும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சரி, டாங்கிள் சத்தமாகப் பேசும். ஆனால் பட்டன் பேட்டரியில் ஓடும் சென்சார் மெல்லத்தான் பதில் சொல்லும், அந்த முணுமுணுப்பு டாங்கிளின் காதில் விழ வேண்டுமே! பக்கத்தில் இரைச்சல் இருந்தால் எத்தனை மில்லிவாட் இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுத்தது சேனல், அதாவது அந்த 2.4 அலைவரிசைக்குள் பேசுவதற்குப் பிரித்து எண் போட்டிருக்கும் இடங்கள். டாங்கிள் வந்தபோது ஜிக்பீ சேனல் 11-இல் இருந்தது. பெயரில் 11 என்றாலும் அது வைஃபையின் சேனல் 1 இருக்கும் இடத்திலேயே வந்து உட்காருகிறது (2405 மெகாஹெர்ட்ஸ்). என் ரவுட்டரோ தானாகச் சேனல் மாற்றிக்கொள்ளும் வகை. அதை 1-இல் நிலையாக நிறுத்திவிட்டு ஜிக்பீயை 25-க்குக் கொண்டுபோனேன். 26 இன்னும் தள்ளி இருக்கிறது, ஆனால் சில சாதனங்கள் அதில் சரியாகச் சேர்வதில்லை என்பதால் வேண்டாம் என்று விட்டேன். மாற்றியதும் எல்லாம் தானாகப் பின்னால் வரும் என்று நினைக்காதீர்கள், எனக்கு ஐந்து சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டியிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது.

அப்புறம் நடைவழியில் ஒரு ஸ்மார்ட் பிளக் வைத்தேன். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ சாதனங்கள் பெரும்பாலும் மற்றவற்றின் செய்தியை வாங்கிக் கடத்தும், பேட்டரி சாதனங்கள் கடத்தாது. ஸ்மார்ட் பல்பும் கடத்தும்தான், ஆனால் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் அந்த வழியே அறுந்துவிடும், அதனால் பல்பை நம்பி இதைச் செய்ய வேண்டாம். பிளக் வந்த பிறகு நடைவழி விளக்கு ஒரு இரவுகூடத் தவறவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆன்டெனாவின் மூட்டு தளர்வாக இருக்கிறது, செங்குத்தாக நிறுத்தினால் சில நாளில் சாய்கிறது. குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும், நுனி பார்க்கும் திசையில் பலவீனம், ஆகவே ஒரே தளத்து வீட்டில் சாய்வது நல்லதல்ல. அதைவிடப் பெரிய வருத்தம் கையேடு. கேபிளைப் பெட்டியில் வைத்தவர்கள் அது எதற்கு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், எனக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

எப்போதும் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றில் வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற மென்பொருள் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். உங்கள் சாதனங்கள் எல்லாம் வைஃபை என்றால் இது உதவாது. ஆப்பைத் திறந்து இரண்டு பட்டன் அழுத்தினால் முடிய வேண்டும் என்பவர்களுக்கும் இது வேண்டாம்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்க் கசிவு சென்சார் மட்டும் இன்னும் வாரம் ஒருமுறை மறைகிறது. முன்னால் இருப்பது முழு உலோக உடம்பு. அந்தச் சுவர்ப் பக்கம் இன்னொரு பிளக் வைத்துப் பார்க்கப் போகிறேன்.