ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைப் பாருங்கள்: பழைய 4டிஆர்5 ஜீப்புடன் மலையகச் சந்திப்புக்கு

மலையகத்தில் ஜீப் சந்திப்பு, அதாவது ஜீப்காரர்கள் கூடிக் கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாள், ஒன்று வருகிறது என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். எந்த வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) நல்லது, ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாய்) பூட்டலாமா, டயரை எவ்வளவு பெரிதாக்கலாம், கூரையில் எத்தனை விளக்கு வைக்கலாம். கேட்பவர்கள் எல்லோரும் ஏற்றத்தை மனதில் வைத்தே கேட்கிறார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஒரே ஜீப்பைப் பல வருடங்களாக வேலைக்கும் ஓட்டி, சந்திப்புகளுக்கும் கொண்டுபோகிறவன் நான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பணத்தை முதலில் இறக்கத்துக்குச் செலவழியுங்கள். ஏற முடியாத வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்து இழுத்துவிடலாம். இறக்கத்தில் பிடி விட்ட வண்டிக்கு யாரும் கிட்டப் போக முடியாது.

என்னுடையது 4டிஆர்5 எஞ்சின் பூட்டிய குட்டை மிட்சுபிஷி ஜீப். 2,659 சிசி டீசல், டர்போ கிடையாது, புதிதாக இருந்தபோது 80 குதிரைவலு. நான்கு கியர், வேகத்துக்கு ஹை, மெதுவான இழுவைக்கு லோ என்று மாற்ற இன்னொரு கியர்பெட்டி, முன்னும் பின்னும் ஸ்பிரிங் பிளேட், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், 24 வோல்ட் மின்சாரம். ஜப்பானில் 1998இலேயே இதன் தயாரிப்பு முடிந்துவிட்டது. கிழமை நாட்களில் இது உர மூட்டையும் கொழுந்தும் ஏற்றுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மறுபடி திறக்கப்படும்வரை இந்த வகை ஜீப்புக்குக் கேட்ட விலையைப் பார்த்து, விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்ததுண்டு. விற்கவில்லை. கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் இன்னமும் இதற்குச் சாமான் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் பாஸ்மார் எங்கள் ஊரில் இருப்பது இன்னொரு காரணம்.

உயரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா 1,868 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீத வலுவை இழக்கும். கண்டியில் நன்றாக இழுத்த வண்டி நானுஓயாவுக்கு மேலே கறுப்புப் புகை கக்கினால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். காற்று குறைந்திருக்கிறது, பம்ப் அதே அளவு டீசலை ஊற்றுகிறது, அவ்வளவுதான். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். சந்திப்புக்கு முந்தின வாரம் பம்பைத் திருகி வலுவைக் கூட்டப் பார்ப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். புகைதான் கூடுகிறது.

இனிப் பிரேக். டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து, உள்ளே உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும், மிதி ஆழமாகப் போகும். அதற்கும் மேலே பிரேக் ஒயில் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கலாம் என்பதுதான் அதன் தர அளவு. டொட் 4இல் அது 230க்கும் 155க்கும் போகிறது. வருடத்தில் பாதி மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் அந்தப் பழைய ஒயிலை மாற்றாமல் நீண்ட இறக்கத்தில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. சந்திப்புக்கு முன் நான் ஒயிலை முழுவதும் வடித்து டொட் 4 ஊற்றுகிறேன், வீல் சிலிண்டர் ரப்பர்களைப் பார்க்கிறேன், நான்கு டிரம்மையும் கழற்றி லைனிங்கை நெருக்கி வைக்கிறேன். செலவு ஒரு நல்ல கூரை விளக்கின் விலைகூட வராது.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் ஒஹியவிலிருந்து உடவேரியத் தோட்டம் வழியாகக் களுபஹனவுக்கு இறங்கும் பாதை. டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கிக்கொண்டே போய், 263 மீட்டர் உயர பம்பரகந்த அருவியின் அயலில் கொண்டுவிடும். நான் மேலே, முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் இரண்டையும் பூட்டி, லோவில் முதல் கியர் போட்டுவிட்டால் கிளட்சைத் தொடுவதில்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் மிதி சும்மா தொட்டுப் பார்க்கத்தான். வால் பக்கம் சறுக்கினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், போக விடக்கூடாது. கொஞ்சம் டீசல் கொடுத்தால் சக்கரம் மறுபடி பிடிக்கும், வண்டி நேராகும். இது கையில் பழக வேண்டிய விஷயம், சந்திப்பு நாளில் பழக முடியாது.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஜீப்பில் அது சக்கரங்களில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், வலுவைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் தண்டில் இருக்கிறது. நல்ல பிடிதான். ஆனால் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கினால் இரண்டு பின் சக்கரத்துக்கும் வலுவைப் பிரிக்கும் டிஃபரன்ஷல் வழியாக அந்தச் சக்கரம் ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் சுழலலாம், அதாவது ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டி உருளலாம். சரிவில் டயர் மாற்றும்போது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, ஹப்பைப் பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கைத் தொட வேண்டும். முக்கோண வடிவில் அறுத்த இரண்டு மரக்கட்டைகள் என் ஜீப்பில் எப்போதும் கிடக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய எந்தச் சாமானையும்விட அவை அதிகம் உழைத்திருக்கின்றன.

ஏற்றமும் கடைசியில் இறக்கமாகத்தான் முடியும், ஏற முடியாமல் போனால். பாதி மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டால் பலர் கிளட்சை மிதித்துப் பின்னால் உருட்ட விடுகிறார்கள். குட்டை வீல்பேஸ் வண்டி அப்போதுதான் குறுக்கே திரும்பிப் புரளும். பிரேக்கை அழுத்திக்கொண்டு, லோவில் ரிவர்ஸ் கியரைப் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, பிரேக்கை மெல்லத் தளர்த்தியபடி சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டரே வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி எஞ்சினையும் எழுப்பிவிடும், பிறகு நேர்கோட்டில் ஊர்ந்து இறங்கலாம். 24 வோல்ட் ஸ்டார்ட்டரின் அருமை அங்கேதான் தெரியும். பாட்டரி முனைகள் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

டயர் விஷயத்தில் பெரிய மட் டயர்களுக்கு நான் எதிரி. சேற்றில் அவை கெட்டிக்கார டயர்கள்தான். ஆனால் சந்திப்பு இடத்துக்குப் போகும் வழி முழுவதும் ஈரத் தார், கல் பதித்த தோட்டப் பாதை, பாசி படிந்த கொங்கிரீட். அங்கே அந்தக் கட்டை கட்டையான ரப்பருக்குப் பிடிமானம் குறைவு. எல்லாப் பாதைக்கும் ஏற்ற ஓல் டெரெய்ன் ரேடியல்தான் எனக்குச் சரியாக வருகிறது. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படியும், சறுக்கல் குறையும். டியூப் போட்ட டயரில் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். டயர் ரிம்மில் நழுவும்போது டியூபின் வால்வு பிய்ந்துவிடும்.

குறைத்த காற்றை மறுபடி ஏற்றக் கொம்பிரஸர் வேண்டுமே. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 12 வோல்ட். இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்து ஓட்டுவது எங்கும் நடக்கிற பழக்கம். அந்தப் பாட்டரி பசியிலும் மற்றது அளவுக்கு மீறிய சார்ஜிலும் இருந்து இரண்டுமே சீக்கிரம் போய்விடும். 24இலிருந்து 12ஆக மாற்றும் கன்வேட்டர் ஒன்று பூட்டிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

வின்ச் வாங்கியே தீருவேன் என்றால் 24 வோல்ட் வகையாக வாங்குங்கள். அதே வேலைக்கு மின்னோட்டம் பாதிதான் ஓடும், கம்பி சூடாவது குறையும். ஆளும் சாமானும் ஏறிய முழு எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுவை போதும் என்பது பொதுக் கணக்கு. இந்த ஜீப்புக்கு 8,000 இறாத்தல் தாராளம். பெட்டியில் எழுதியிருக்கும் இழுவை, உருளையில் கம்பியின் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. கம்பி மேலே மேலே சுற்றச் சுற்ற அது குறையும். ஒரு கப்பி வைத்துக் கம்பியைத் திருப்பிக் கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். கப்பியின் விலையோ வின்ச்சின் விலைக்குப் பக்கத்திலும் வராது. தேயிலை மலையில் நிற்கும் நிழல் மரத்தில் வெறும் கம்பியைச் சுற்றாதீர்கள். பட்டை உரிந்தால் தோட்டத்துக்காரர் அடுத்த தடவை கேட்டைத் திறக்க மாட்டார், நியாயமும் அதுதான். அகலமான பட்டி போட்டு, அடிமரத்தில் கட்ட வேண்டும். இழுக்கும்போது கம்பியின் நடுவில் ஒரு கனத்த சாக்கைப் போடுங்கள். அறுந்தால் சாட்டைபோல் வீசாமல் கீழே விழும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது யாருடைய வேலை என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளைகள் ஜீப் சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவார்கள்.

ஸ்நோர்க்கல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. நம் ஓடைகள் ஆழத்தால் அல்ல, இழுப்பால் ஆபத்தானவை. தண்ணீருக்கு முன் பார்க்க வேண்டியது அச்சுகளின் மூச்சுக்குழாய். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவைக்க ஒரு ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் போதும். கடந்து வந்த பிறகு மிதியை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்களைக் காய வைக்க வேண்டும்.

எந்த மாதம் என்பது இன்னொரு விஷயம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். டிசம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கம் திரும்பும். ஏப்ரலில் காலை வெயில், பின்னேரம் இடியுடன் மழை. அதோடு நுவரெலியாவில் சீசன் நேரத்து அறை வாடகையும் சேரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் மண்சரிவு அவதானம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறுதல் என்று வைத்திருக்கிறது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதைகளை என்ன செய்தது என்பதையும் பார்த்த எங்களுக்கு, அவதானம் என்ற முதல் படியே போதும் பயணத்தைத் தள்ளிவைக்க. அறிவித்தாயிற்று, ஆட்கள் கொழும்பிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்ற சாக்கை மண் கேட்காது.

தோட்டப் பாதைக்குத் துரையின் (தோட்ட மேலாளரின்) அனுமதியைக் கடிதமாக வாங்குங்கள். காட்டுப் பாதை என்றால் வன இலாகா. நக்கிள்ஸும் ஹோர்ட்டன் சமவெளியும் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பவை, அங்கே சேறு கிளப்பும் யோசனையே வேண்டாம். காப்புறுதிப் பத்திரத்தில் போட்டி, சாகச ஓட்டங்களை விலக்கும் வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. பல பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை கிடையாது என்பதால் எந்த வளைவில் கிடைக்கும் என்று முதல் நாளே பார்த்து வைத்துவிடுவது நல்லது. அட்டைக் கடிக்கு உப்பு, சவர்க்காரம், நீளக் காலுறை.

திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு இரவு ஆறவிட்டு, காலையில் வண்டியை அசைக்காமல் இரண்டு அச்சுகளின் வடிகால் ஆணியையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் கனமென்பதால் அதுதான் முதலில் வடியும். கியர் ஒயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் முழுவதையும் மாற்றிவிட்டு, ஸ்பிரிங் ஷாக்கிள், கிங்பின், புரொப்பலர் முட்டுகள் எல்லாவற்றுக்கும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புதிது அடியுங்கள். என் ஜீப்புக்குத் திங்கட்கிழமை கொழுந்து ஏற்ற வேண்டியிருப்பதால் இது ஞாயிற்றுக்கிழமை வேலை.