அறுபதுக்குப் பிறகு: லேசரா, என்டர்பிரைஸா?

கொழும்பிலிருந்து பொல்கொட வாவிக்குப் போய்ப் பாய்வள்ளம் ஓட்ட ஆசைப்படும் என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்.

லேசர் ஒருவர் ஓட்டும் வள்ளம். நீளம் 4.2 மீட்டர், வெற்று உடல் 59 கிலோ. துணைக்கு ஆள் தேட வேண்டாம். மனம் வந்த மாலையில் இறக்கலாம். ஆனால் காற்று ஏறினால் வள்ளத்துக்குள் இருக்கும் வாரில் பாதத்தைக் கொளுவி, உடம்பை வெளியே சாய்த்தே இருக்க வேண்டும். தொடை எரியும். பாயின் அடியைப் பிடிக்கும் குறுக்குக் கட்டையான பூம் மிகத் தாழ்வு. வள்ளத்தைத் திருப்பும்போது முகம் முழங்காலில் முட்டும் அளவுக்குக் குனிகிறேன். போன தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரே நாளில் மூன்று முறை கவிழ்ந்தேன். வள்ளத்தின் அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்றால் நிமிர்ந்துவிடும், தண்ணீரும் தானாக வடியும். களைத்த தோள்களோடு மறுபடி உள்ளே ஏறுவதுதான் பெரும்பாடு. அப்புறம் பாய்மரத்தின் கீழ்த்துண்டை மாற்றி, 7.06 சதுர மீட்டர் பாய்க்குப் பதிலாக 5.76 பாயைப் போட்டேன். உடல் அதேதான், ஆனால் வேறு வள்ளம் போல் அடங்கி நடந்தது.

என்டர்பிரைஸ் 1956இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. நீலப் பாய், இரண்டு பேர். முதுகுக்கு இதம். உடல் 94 கிலோ, தனியாக இழுக்க முடியாது. பழைய மர வள்ளமென்றால் வருடாவருடம் வார்னிஷ்.

உறுதியான துணை இருந்தால் இதையே வாங்குங்கள். அக்கா மகன் வரும் ஞாயிறுகளில் முன்பாயை அவன் பார்த்துக்கொள்வான். நான் சுக்கானோடு காற்றை மட்டும் கவனிப்பேன். அவன் வராத நாட்களுக்காகத்தான் லேசரை இன்னும் விற்கவில்லை.